வேலூரிலிருந்து செலோ கான்செர்ட்டோ கேட்கத் தொடங்குவோருக்கு: பழைய ஒலிப்பதிவுகளைத் தேர்ந்து, சரிபார்த்து, முழுமையாகக் கேட்கும் வழி

சத்துவாச்சாரியில் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். செலோ என்னும் வாத்தியத்துக்காக எழுதப்பட்ட பெரிய கான்செர்ட்டோக்களின் பழைய ஒலிப்பதிவுகளை முறையாகக் கேட்கப் பழகுவதற்கு எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. அவற்றில் முதல் ஐந்து மாதங்களை வீணாக்கினேன் என்றே சொல்ல வேண்டும். பெயர் மாறிய பதிவுகளை, போனின் ஒலிபெருக்கியில், மின்விசிறி சுற்றும் அறையில், துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு, இந்த இசை நமக்கு ஒட்டாது என்று விட்டுவிடவும் இருந்தேன். நம் ஊரில் மேற்கத்திய செவ்வியல் இசையை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. தேவாலயப் பாடகர் குழுக்களில் தேடினாலே கிடைப்பார்கள். ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் நிற்கும் இன்னொருவருக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாற்றுக்குள் நான் போகவில்லை. கேட்பதற்கு உதவும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். அவற்றை மூவ்மென்ட் என்பார்கள். செலோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிப்பது.

1. எந்தப் படைப்பில் தொடங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு படைப்புகள் போதும். பிரான்சின் சான்-சான்ஸ் 1872-ல் எழுதிய முதல் செலோ கான்செர்ட்டோ, சுமார் 20 நிமிடம். இங்கிலாந்தின் எல்கர் எழுதி 1919-ல் முதன்முதலாக அரங்கேறியது, ஏறக்குறைய 30 நிமிடம். ஆண்டு பிந்தியதானாலும் மனத்தால் அது ரொமான்டிக் காலம் எனப்படும் 19-ஆம் நூற்றாண்டுப் படைப்புதான். ஜெர்மனியின் ஷூமான் 1850-ல் எழுதியது, சுமார் 25 நிமிடம். செக் நாட்டு துவோர்ஷாக் 1894-95-ல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதியது, ஏறக்குறைய 40 நிமிடம். இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது துவோர்ஷாக் என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பதிவை ஓடவிட்டேன், கிளாரினெட் வந்தது, வயலின்கள் வந்தன, ஹார்ன் தனியாக ஒரு நீண்ட மெட்டை வாசித்தது, செலோ மட்டும் வரவே இல்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, யாரோ தவறான பெயரில் பதிவேற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். இப்படி மூன்று வெவ்வேறு பதிவுகளை நிறுத்தியிருக்கிறேன். அந்தப் படைப்பில் தனி செலோ நுழைவதற்கு மூன்றரை நிமிடம் போல ஆகும் என்பதும், அதுவரை இசைக்குழு மட்டுமே மெட்டுகளை விரித்துவைக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சான்-சான்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. இசைக்குழு ஒரே ஒரு தட்டு தட்டும். அடுத்த நொடியே செலோ மேலிருந்து கீழே வேகமாக உருண்டு வரும். எல்கரில் செலோவே தனியாக நின்று தொடங்குகிறது. ஷூமானில் காற்று வாத்தியங்கள் மூன்று முறை மெதுவாக ஒலித்ததும் செலோ பாடத் தொடங்கிவிடும். இந்த மூன்றையும் கேட்டுக் காது பழகியவருக்கு, துவோர்ஷாக்கின் அந்த மூன்றரை நிமிடக் காத்திருப்பு ஒரு சுகமாகவே இருக்கும்.

2. கேட்கப்போகும் பதிவு எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

எனக்கு அதிகச் சிரமம் கொடுத்தது இந்தப் படிதான். அதனால் இதை விரித்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: செலோ கலைஞர், இசைக்குழுவை நடத்தியவர், இசைக்குழு, பதிவு செய்த ஊர், பதிவு செய்த ஆண்டு, மொத்த நேரம். இந்த ஆறும் கிடைக்காத பதிவைத் தொடக்கத்தில் கேட்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது. ரயில் டிக்கெட்டில் தேதியும் வண்டி எண்ணும் பார்க்காமல் காட்பாடியில் ஏறமாட்டோம் அல்லவா, அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

முதல் பொறி, ஆண்டு. செயலிகளில் ஆல்பத்தின் கீழே தெரியும் ஆண்டு பெரும்பாலும் அந்தப் பதிப்பு வெளியான ஆண்டாகவோ, பழைய ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்ட ஆண்டாகவோ இருக்கும். 1937-ல் வாசித்தது 2011 என்ற ஆண்டோடு தெரியலாம். பதிவு செய்த ஆண்டு சிடியோடு வரும் சிறுநூலிலோ ஆல்பத்தின் விவரக் குறிப்பிலோதான் இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது பொறி, ஒரே கலைஞர் ஒரே படைப்பைப் பலமுறை பதிவு செய்திருப்பது. ரஷ்ய செலோ கலைஞர் ரஸ்ட்ரபோவிச் துவோர்ஷாக்கை வெவ்வேறு நடத்துநர்களோடு, 1952-ல் தாலிஹுடனும், 1957-ல் போல்ட்டுடனும், 1968-ல் காராயனுடனும், 1977-ல் ஜூலினியுடனும், 1985-ல் ஓசாவாவுடனும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்திருக்கிறார். மேடையில் வாசித்து வெளியான பதிவுகள் இதில் சேரவில்லை. யாரோ ஒருவர் "ரஸ்ட்ரபோவிச்சைக் கேளுங்கள்" என்று சொன்னால் எந்த ஆண்டு, யாருடன் என்று திருப்பிக் கேளுங்கள். இங்கிலாந்தின் செலோ கலைஞர் ஜாக்லின் டு ப்ரேயின் எல்கரும் அப்படித்தான்: 1965-ல் லண்டனில் பார்பிரோலி நடத்த வாசித்தது ஒன்று, 1967-ல் பிராகாவில் மேடையில் வாசித்தது ஒன்று, 1970-ல் பிலடெல்பியாவில் பாரன்பாய்ம் நடத்த வாசித்தது ஒன்று. மூன்றும் மூன்று விதமானவை.

மூன்றாவது பொறி, பெயரே தவறாக இருப்பது. நான் இரண்டு மாதம் ஸ்பெயினின் செலோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் வாசித்த துவோர்ஷாக் என்று ஒரு பதிவைக் கேட்டுப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தேவாலயக் குழுவில் நெடுங்காலம் வயலின் வாசித்தவர். அவரிடம் ஹெட்போனைக் கொடுத்தபோது அரை நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றி என் கையில் வைத்தார். "தம்பி, இது காசல்ஸ் இல்லப்பா. வயலின் எல்லாம் இடது காதுல வருது, அடித்தந்தி எல்லாம் வலது காதுல வருது. 1937-ல ஏதுப்பா ஸ்டீரியோ?" என்றார். வெட்கமாக இருந்தது, ஆனால் அன்றுதான் எனக்குச் சரிபார்க்கும் முறை பிடிபட்டது. ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்ததே 1958 வாக்கில்தான். அதற்கு வெகுகாலம் முந்தைய பதிவு என்று சொல்லப்படுவதில் வாத்தியங்கள் தெளிவாக இடம், வலம் பிரிந்து கேட்டால் சந்தேகப்படுங்கள். பழைய ஒற்றை ஒலிப் பதிவுகளைப் பிற்காலத்தில் செயற்கையாக அகலப்படுத்திய பதிப்புகளும் உண்டு. அவற்றில் ஒலி பரவிக் கேட்குமே தவிர, இந்த வாத்தியம் இந்தப் பக்கம் என்று சுட்டிக்காட்ட முடியாது.

மொத்த நேரமும் நல்ல சாட்சி. காசல்ஸின் 1937 துவோர்ஷாக் சுமார் 35 நிமிடம். ரஸ்ட்ரபோவிச்சும் காராயனும் சேர்ந்து வாசித்த 1968 பதிவு 41 நிமிடத்தை ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிட வித்தியாசம் இருக்கும்போது ஒன்றை மற்றொன்றாக விற்க முடியாது.

கடைசியாகச் சுருதி. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளைச் சரியான வேகத்தில் ஓட்டாமல் கணினிக்கு மாற்றியிருந்தால் சுருதி ஏறியோ இறங்கியோ நிற்கும். வீட்டில் சுருதிப் பெட்டியோ போனில் தம்பூரா செயலியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். சுருதியின் உயரத்தை நாம் சொல்லும் கட்டைக் கணக்கில், துவோர்ஷாக்கின் கான்செர்ட்டோ 7 கட்டையில் தொடங்கும். எல்கர் 3 கட்டை. ஷூமானும் சான்-சான்ஸும் 6 கட்டை. தொடக்கத்தை மட்டும் சுருதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இசைக்குழுக்கள் ஊருக்கு ஊர் இம்மி கூட்டியோ குறைத்தோ சுருதி சேர்ப்பது வழக்கம் என்பதால் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பக்கத்து ஸ்வரத்துக்கே நகர்ந்திருந்தால் அந்தப் பதிவின் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் தவறியிருக்கிறது என்று பொருள்; அதை விட்டுவிட்டு வேறு மாற்றுப் பதிப்பைத் தேடுங்கள்.

சோதித்து முடித்ததும் தம்பூராவை நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே ஒரு பதிவு

பட்டியல் நீண்டால் மனம் சிதறும். ஒரு படைப்புக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டு, அதைக் குறைந்தது பத்து முறை கேட்ட பிறகே அடுத்த கலைஞரிடம் போங்கள்.

சான்-சான்ஸுக்கு பியர் ஃபூர்னியே வாசித்து, ஜான் மார்ட்டினான் பாரிஸின் லாமுரு இசைக்குழுவை நடத்தியது. 1960-ஐ ஒட்டிய பதிவு. ஃபூர்னியே எதையும் அழுத்திச் சொல்லமாட்டார். வேகமான இடத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக மின்னும். நடுவில் இசைக்குழு ஒலியடக்கி வைத்து ஒரு மெல்லிய நடனத்தைத் தொடங்க, அதன்மேல் செலோ வேறொரு நீண்ட வரியைப் படரவிடும் இடம் வரும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் பதிவை நான் முதலில் வைத்தேன்.

எல்கருக்கு ஜாக்லின் டு ப்ரே 1965 ஆகஸ்டில் லண்டனில் வாசித்தது. அவருக்கு அப்போது வயது 20. நடத்திய பார்பிரோலி, 1919-ல் இந்தப் படைப்பு அரங்கேறிய நாளன்று இசைக்குழுவின் செலோ வரிசையில் இருந்தவர். இதைப் பற்றி நிறைய உருக்கமாகப் பேசுவார்கள். டு ப்ரே பிற்காலத்தில் நோயால் வாசிக்க முடியாமல்போன சோகத்தை இதில் ஏற்றிக் கேட்பார்கள். அப்படிக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. 1965-ல் அந்த நோய் இன்னும் வெளிப்படவில்லை. அந்த வாசிப்பில் இருப்பது இளமையின் முழு வலு.

ஷூமானுக்கு எனக்கு முதலில் கிடைத்தது காசல்ஸ் 1953-ல் ஒர்மாண்டி நடத்த வாசித்தது. அது மகத்தானதுதான், ஆனால் முதல்முறை கேட்பவருக்குக் கடினம். ஒலி கரடுமுரடாக இருக்கும். கலைஞரின் முனகலும் கூடவே கேட்கும். ரஸ்ட்ரபோவிச் 1960-ல் ரஷ்தெஸ்த்வென்ஸ்கி நடத்த, லெனின்கிராட் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் வாசித்ததை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

துவோர்ஷாக்குக்கு ஃபூர்னியே 1961-ல் பெர்லினில் ஜார்ஜ் செல் நடத்த வாசித்தது. ரஸ்ட்ரபோவிச்சின் 1968 பதிவு இதைவிடப் பெரிய புகழ் பெற்றது, ஒலியும் பிரம்மாண்டமானது. ஆனால் அதில் எல்லாம் பெரிதாகவே இருக்கும். எது மெட்டு, எது துணை என்று புதியவர் பிரித்தறிவதற்கு ஃபூர்னியேயின் தெளிவே உதவுகிறது. ஃபூர்னியேயைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசிப் படியில் காண்பீர்கள்.

4. கருவியும் செலவும்

செலோவின் நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்ததன் அதிர்வு நொடிக்கு சுமார் 65. மிக உயர்ந்த தந்தியைத் திறந்து மீட்டினாலே 220தான். போனின் சிறிய ஒலிபெருக்கி இந்தத் தாழ்ந்த நாதங்களைச் சரியாக வெளியிடாது. அதில் செலோவைக் கேட்பது நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் ஊதிக் கேட்பதைப் போன்றது. ஆகவே ஹெட்போன் கட்டாயம் வேண்டும்.

நான் செலவிட்டது: காதை மூடும் கம்பி ஹெட்போன் 1,650 ரூபாய், போனில் வட்டத் துளை இல்லாததால் அதை இணைக்கும் சிறு இணைப்பான் 850 ரூபாய், நோட்டுப் புத்தகம் 60 ரூபாய். இதற்கு மேல் தொடக்கத்தில் செலவழிக்கத் தேவையில்லை. பழைய பதிவுகளின் ஒலி எல்லைக்குள் இருப்பதை இதுவே காட்டிவிடும்.

மாதச் சந்தா கட்டும் இசைச் செயலி வேண்டுமா என்றால், விளம்பரத்துக்காகவாவது வேண்டும் என்பேன். எல்கரின் மூன்றாம் பகுதி ஓய்ந்து, நான்காம் பகுதி தொடங்கும் அந்த மூச்சு இடைவெளியில் சமையல் எண்ணெய் விளம்பரம் ஒலித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆப்பிள் மியூசிக் சந்தாவோடு அதன் செவ்வியல் இசைச் செயலியும் சேர்ந்தே கிடைக்கிறது. படைப்பின் பெயரைச் சொல்லித் தேடினால் எல்லாக் கலைஞர்களின் பதிவுகளையும் வரிசையாகக் காட்டுவதால், இரண்டாம் படியில் சொன்ன குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எந்தச் செயலியானாலும் அமைப்புகளில் நான்கு மாற்றங்களைச் செய்யுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டையும் அடுத்ததையும் கலக்கும் க்ராஸ்ஃபேடை நிறுத்துங்கள். ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை நிறுத்துங்கள்; இல்லையென்றால் மெல்லிய இடமும் வலுத்த இடமும் ஒன்றுபோல் ஆகிவிடும். இடைவெளி இல்லாமல் ஓட்டும் வசதியைப் போடுங்கள். ஷூமானின் மூன்று பகுதிகளும் நிற்காமல் தொடர்பவை, நடுவில் ஒரு நொடி வெட்டு விழுந்தாலும் படைப்பு உடைந்துவிடும்.

பணம் கட்டாமலும் சட்டப்படி கேட்கலாம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். காசல்ஸின் 1937 துவோர்ஷாக்கும், செலோ கலைஞர் பியட்ரிஸ் ஹாரிசன் 1928-ல் எல்கரே நடத்த வாசித்த பதிவும் எப்போதோ அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

5. இடமும் நேரமும்

சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. மின்விசிறி ஓடினால் செலோவின் மெல்லிய இடங்கள் கேட்காது. ஒலியைக் கூட்டி வைத்தால் இசைக்குழு முழுவதும் எழும் இடத்தில் காது வலிக்கும். இதனால்தான் கோடையில் 20 நிமிட சான்-சான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். விசிறியை நிறுத்திவிட்டு 20 நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். துவோர்ஷாக்கை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாளில் நல்ல நேரம் அதிகாலை நாலரையிலிருந்து ஐந்தரை. அதற்குப் பிறகு தண்ணீர் மோட்டார்கள் ஓடத் தொடங்கும்; ஆறு மணிக்கு மேல் நெடுஞ்சாலைப் பக்கம் ஹார்ன் சத்தம் அடங்காது. ஆடி மாதத்தில் அதிகாலையும் கிடைக்காது, அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் முந்திக்கொள்ளும். அப்போது இரவு பதினொன்றுக்கு மேல் கேளுங்கள்.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு நல்ல நேரம் உண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாள்தான் அது. பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். முந்தைய இரவே பதிவைப் போனில் இறக்கிவைத்து, மின்கலத்தை முழுதாக ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். தெரு முழுவதும் டிவி, மிக்ஸி, மோட்டார் எதுவும் ஓடாது. எல்கரின் மூன்றாம் பகுதியை, ஐந்தே நிமிடம் நீளும் அந்த மெதுவான பகுதியை, அப்படி ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கேட்டேன். வில் தந்தியைத் தொடும் முன் எழும் சிறு உரசல்கூட அன்றுதான் முதன்முதலாக என் காதில் விழுந்தது.

6. கேட்கும் முறை

முதல் மூன்று முறை எதையும் படிக்காமல், எதையும் எழுதாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேளுங்கள். நான்காம் முறையிலிருந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உங்களை நிமிரவைத்த இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறியுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். பத்து முறை கேட்டபின் ஒரே இடத்தில் குறிகள் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்தப் படைப்பு உங்களிடம் பேசும் இடம் அது.

எல்கரின் முதல் பகுதியை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். செலோ நான்கு கனத்த ஒலிக்கட்டுகளை இழுத்துத் தொடங்கி, தயங்கித் தயங்கி அடங்குகிறது. பிறகு வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மட்டும், எந்தத் துணையும் இல்லாமல், ஊஞ்சல்போல அசையும் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. அந்த மெட்டு எங்கே போகிறது என்று முதலில் தெரியாது. கீழே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். செலோ அதை வாங்கிக்கொள்கிறது, திரும்பவும் சொல்கிறது. மூன்று நிமிடம் ஆவதற்குள் செலோ ஒரு படி, இன்னொரு படி என்று தனியாக மேலே ஏறத் தொடங்கும். டு ப்ரே இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் முந்தையதைவிட அழுத்தி, கடைசியில் உச்ச ஸ்வரத்தைத் தொடும்போது, அதுவரை ஒதுங்கியிருந்த இசைக்குழு முழுவதும் அதே ஊஞ்சல் மெட்டோடு எழுகிறது. இந்த முப்பது நொடிகளை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அப்படிச் செய்து இரண்டு வாரத்தில் அதன் வலுவை இழந்தேன். முன்னால் வந்த தயக்கத்தைக் கேட்டால்தான் இந்த எழுச்சிக்கு அர்த்தம் உண்டு.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் படைப்புகளில் நடபைரவியும் கீரவாணியும் கௌரிமனோகரியும் நிழலாடுவதாகத் தோன்றும். மேற்கத்தியர் மைனர் என்று சொல்லும் ஸ்வர வரிசைகள் அவற்றோடு ஒத்தவை என்பதால் அப்படித் தோன்றுவது சரியே. ஆனால் ராகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால் வழி தவறிவிடும், ஏனென்றால் ஆதார ஷட்ஜமமே இங்கே இடம் மாறும். துவோர்ஷாக்கின் முதல் பகுதி 7 கட்டையில் தொடங்கி, ஹார்ன் வாசிக்கும் இரண்டாவது மெட்டில் 2 கட்டைக்குப் போய்விடுகிறது. மெதுவான நடுப்பகுதி 5 கட்டையில் நிற்கிறது. ஒரே தம்பூராவை ஓடவிட்டுக் கேட்டால் நாராசமாக இருக்கும். ஆதாரம் எங்கே நகர்கிறது, எப்போது வீடு திரும்புகிறது என்பதைக் கவனிப்பதுதான் இங்கே ரசனை.

இரண்டாவது, ஜாரு. பழைய பதிவுகளில் செலோக்கலைஞர்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை வழுக்கிக்கொண்டு போவது அதிகம். ஹாரிசனின் 1928 பதிவில் நிறையவே கேட்கும். பிற்காலப் பதிவுகளில் இது குறைந்துபோனது. பழையது பிழை என்றோ, புதியது வறட்சி என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஜாருவுக்குப் பழகிய நம் காது இந்தப் பழைய வாசிப்பை மற்றவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறது என்பதை மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

7. ஸ்கோர் என்னும் இசைக்குறிப்பு ஏடு

மேற்கத்திய ஸ்வரக்குறி படிக்கத் தெரியாவிட்டாலும் செலோவின் பகுதியை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்வது உதவும். புள்ளிகள் மேலே ஏறுவதும் இறங்குவதும், ஓய்வு நீளும் இடங்களும் கண்ணுக்குத் தெரியும். இந்த நான்கு இசையமைப்பாளர்களின் படைப்புகளும் இந்தியாவில் காப்புரிமை முடிந்தவை, ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். செலோ பகுதி, பியானோ சுருக்கம், முழு ஸ்கோர் என்று மூன்று தனித்தனியாக இருக்கும். பார்க்காமல் முழு ஸ்கோரைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன், பழைய பேருந்து நிலையம் அருகே நின்றுகொண்டு தேவையில்லாத கட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். செலோ பகுதி மட்டுமானால் ஸ்பைரல் பைண்டிங்கோடு நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

8. தட்டும் சிடியும் வாங்குவதானால்

அவசரப்பட வேண்டாம். ஆறு மாதமாவது செயலியில் கேட்டபின் வாங்குங்கள். சிறுநூலில் உள்ள பதிவு விவரங்களுக்காகவே நான் சிடி வாங்குகிறேன்.

சென்னைக்குப் போனால் சென்ட்ரலுக்கு அருகே மூர் மார்க்கெட்டில் பழைய எல்.பி. தட்டுகள் விற்பவர்கள் இருக்கிறார்கள். காட்பாடியிலிருந்து காலை வண்டி பிடித்தால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் தடவினால் இடறும் கீறல் இருந்தால் வாங்காதீர்கள். உறையில் இருக்கும் பெயரும் தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று கட்டாயம் பாருங்கள். உறை மாறிய தட்டை நான் வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் கண்டேன்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, விற்றவர் கொடுத்த பில், பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்று. என் பார்சலைக் கூரியர் நிறுவனம் ஒன்று நிறுத்திவைத்துச் சான்றுகளைக் கேட்டது. என் ஆதாரில் குடியாத்தம் முகவரி இருந்தது, பார்சலிலோ சத்துவாச்சாரி முகவரி. அந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்கவே ஒன்பது நாட்கள் ஆயின. மொத்தம் 26 நாட்கள். சிடியின் விலை 650 ரூபாய். தபால் கட்டணமும் சுங்க வரியும் அதைவிட அதிகம். ஆதாரில் உள்ள முகவரிக்கே அனுப்பச் சொல்வது எளிய வழி. ஒரே சிடியாக வாங்காமல் நான்கைந்தைச் சேர்த்து ஒரே விற்பனையாளரிடம் வாங்கினால் தபால் செலவு பகிரப்படும்.

9. இரண்டாவது பதிவுக்குப் போவது

ஃபூர்னியேயின் துவோர்ஷாக்கைப் பத்து முறை கேட்டாகிவிட்டதா? இப்போது காசல்ஸின் 1937 பதிவுக்குப் போங்கள். ஃபூர்னியேயைத் தேர்ந்ததற்கு இதுதான் இரண்டாவது காரணம்: இரண்டு பதிவுகளையும் நடத்தியவர் ஜார்ஜ் செல்தான். 1937-ல் பிராகாவில் செக் பில்ஹார்மானிக், 1961-ல் பெர்லின் பில்ஹார்மானிக். நடத்துபவர் மாறாததால், கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு செலோக்கலைஞர்களுடையது, இசைக்குழுக்களுடையது, 24 ஆண்டுகளில் மாறிய ஒலிப்பதிவு நுட்பத்தினுடையது என்று பிரித்துப் பார்க்கலாம்.

காசல்ஸின் பதிவில் முதல் ஐந்து நிமிடம் தட்டின் இரைச்சல் உறுத்தும். பிறகு காது அதை மறந்துவிடும். அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்கும் சற்று மேல்தான் ஓடும் என்பதால், கலைஞர்கள் துண்டு துண்டாகவே வாசித்துப் பதிந்தார்கள் என்பதையும், இன்று நாம் கேட்பது அத்துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சேர்த்தவரின் பெயர் நல்ல பதிப்புகளில் அச்சாகியிருக்கும். அதையும் நோட்டில் ஏழாவது விவரமாக எழுதுங்கள்.

ஒப்பிட வேண்டிய இடம் மூன்றாம் பகுதியின் கடைசி மூன்று நிமிடம். துவோர்ஷாக் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய சில வாரங்களில் அவருடைய மைத்துனி யோசஃபினா இறந்துபோனார். அவருக்குப் பிடித்தமான, துவோர்ஷாக்கே முன்பு இயற்றியிருந்த ஒரு பாட்டின் மெட்டு இரண்டாம் பகுதியில் ஏற்கெனவே இருந்தது. அவர் மறைந்தபின் முடிவைத் திருத்தி எழுதி, அதே மெட்டை மறுபடி கொண்டுவந்தார். அணிவகுப்புப்போல் போய்க்கொண்டிருந்த இசை திடீரென்று வேகம் தணிந்து, முதல் பகுதியின் மெட்டையும் அந்தப் பாட்டையும் தொட்டு, செலோ ஏறக்குறைய மௌனம் ஆகும்வரை அடங்குகிறது; அதன்பின் இசைக்குழு மட்டும் எழுந்து முடித்துவைக்கிறது. ஃபூர்னியே அந்த அடங்கலை விளக்கைத் தணிப்பதுபோல் ஒரே சீராகச் செய்கிறார். காசல்ஸ் ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் சற்று நின்று, மறுபடி ஏதோ சொல்ல வந்ததுபோல் தொடங்குகிறார். இரண்டையும் ஒரே நாளில் கேட்காமல் ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் செலோ கடைசியாக ஒலிக்கும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.